வீட்டுக்கு ஒரு கொட்டான் படம்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். நான் இருப்பது சிங்கப்பூரில். இந்தத் தை மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எங்கள் வீட்டு வளவிலேயே சதாபிஷேகம் நடந்தது. போட்டோக்காரர் 4,800 படம் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் ஐபோனில் எடுத்தது ஒரு 1,200 இருக்கும். அதோடு, முகப்பிலும் ஆயா வீட்டுப் பெட்டியிலும் இருந்த ரங்கூன் காலத்துப் படங்கள் 300-ஐ ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றி, லிங்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இளவட்டங்கள் பார்த்துவிட்டார்கள். பெரியவர்கள் பாதிப்பேர் திறக்கவே இல்லை. தேவகோட்டை அயித்தைக்கு வயது 76, பட்டன் போன்தான். "எல்லாருக்கும் படம் வந்திருச்சாமே, எனக்கு மட்டும் வரலையே" என்று ஆத்தாவிடம் வருத்தப்பட்டார்களாம். காரைக்குடி அம்மான், லிங்கைத் தொட்டால் பேங்கில் இருக்கிற பணம் போய்விடும் என்கிறார். கோயம்புத்தூர் பெரியாத்தா எப்படியோ திறந்து, பத்துப் படம் பார்த்துவிட்டுக் கண் வலிக்கிறது என்று மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வழியில், ஒரே தடவையில் அனுப்பி முடிக்க ஏதாவது ஆப் இருக்கிறதா?

பதில்: ஆச்சி (வெளியூர் வாசகர்கள் இதைப் பார்த்து எண்பது வயதுப் பாட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம், எங்கள் பக்கம் கல்யாணம் ஆன நகரத்தார் வீட்டுப் பெண்கள் எல்லோருமே ஆச்சிதான்), அப்படி ஒரு ஆப் இல்லை. காரைக்குடியில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்தும் பழைய போட்டோ ஸ்கேன் செய்தும் பிழைக்கிறவன் சொல்கிறேன், இனி வந்தாலும் தேவகோட்டை அயித்தையின் பட்டன் போனுக்கு அது வந்து சேராது.

முதலில் ஒன்று. அம்மானை யாரும் கேலி செய்யாதீர்கள். அவர் செய்ததுதான் சரி. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே கோப்பை (போனில் ஆப் நிறுவுகிற கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைத் தொட்டவர்களின் போனுக்குள் புகுந்து பணத்தை வழித்தெடுக்கும் மோசடி நம் நாட்டில் பரவலாக நடந்திருக்கிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே அது வரும், ஏனென்றால் அந்தத் தெரிந்தவரின் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். லிங்கைத் தொடாதே என்று பேங்கும் போலீஸும் பேரப்பிள்ளைகளும் மாற்றி மாற்றிச் சொல்லி, ஒருவழியாக அவர் மனதில் பதிந்திருக்கிறது. இப்போது நாமே போய், "இந்த லிங்கை மட்டும் தொடுங்கள், இது நல்ல லிங்க்" என்றால் இத்தனை நாள் சொன்னது வீணாகிவிடும். அவருக்கு லிங்க் அனுப்பவே அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் முதலில் போன் போட்டுப் பேசுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள். ஒருவேளை யாராவது ஏமாந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. அம்மான் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் லிங்க் அனுப்பியது எப்படி இருக்கிறது தெரியுமா? விசேஷம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற அயித்தையிடம் இரண்டாங்கட்டுச் சாவிக் கொத்தை நீட்டி, "பலகாரமெல்லாம் உள்ளே அறையில் இருக்கு, வேண்டியதை எடுத்துக்குங்க" என்பது போல இருக்கிறது. அப்படியா செய்தீர்கள்? சீப்புச் சீடை இத்தனை, தேன்குழல் இத்தனை, மாவுருண்டை இத்தனை என்று எண்ணி, கட்டி, கையில் கொடுத்துத்தானே அனுப்பியிருப்பீர்கள். பனையோலைக் கொட்டானில் போட்டுக் கொடுக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. படத்தையும் அப்படி வீட்டுக்கு ஒரு கொட்டானாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வேலையும் இல்லை.

உங்களிடம் இருப்பது மொத்தம் 6,300 படம். ஒரு படத்துக்கு ஐந்து விநாடி என்று வைத்தால் எட்டே முக்கால் மணி நேரம். சதாபிஷேகமே அவ்வளவு நேரம் நடந்திருக்காது. பெரியாத்தாவுக்குக் கண் வலித்ததில் என்ன ஆச்சரியம்? ஸ்டுடியோ கேமராப் படம் ஒன்று சுமார் 10 எம்பி என்றால், 4,800 படமே 48 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்திருக்கும் ஒருவர் அதை முழு அளவில் இறக்கி முடிக்க 32 நாள் ஆகும், அதுவும் வேறு எதையும் பார்க்காமல் இருந்தால். உறவினர் யாரும் உங்களிடம் 6,300 படம் கேட்கவில்லை. அயித்தை கேட்டது, தான் அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கிற படம்.

எனவே பொறுக்குவதுதான் முதல் வேலை, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். போட்டோக்காரரிடம் விட்டால் வெளிச்சம் நன்றாக விழுந்த படத்தைப் பொறுக்குவார். உறவில் இரண்டு பேருக்குப் பல வருட மனத்தாங்கலுக்குப் பிறகு பேச்சு வந்தது அன்றைக்குத்தான் என்றால், அது அவருக்கு எப்படித் தெரியும்?

பத்திரிகை வைப்பதற்காக ஆத்தா ஒரு நோட்டு எழுதியிருப்பார்களே, பங்காளி வீடு, தாயபிள்ளை வீடு என்று புள்ளி (கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) வாரியாக? அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பட்டியல். கூகுள் போட்டோஸில் முகம் பார்த்துப் பிரிக்கும் வசதி இருக்கிறது. அயித்தை முகத்தைத் தொட்டு ஒருமுறை பெயர் கொடுத்தால், அவர்கள் இருக்கிற படங்களை எல்லாம் திரட்டிக் காட்டிவிடும். அக்கா தங்கச்சிகளை அது அவ்வப்போது குழப்பும், மாலையும் பட்டும் போட்டு எல்லோரும் ஒன்றுபோல் இருக்கிற விசேஷத்தில் அது சகஜம்தான், பெரிய பாதகமில்லை. அப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பது நாற்பது படம். அதற்கு மேல், எல்லா வீட்டுக்கும் பொதுவாக 200 படம்: கலச பூஜை, அபிஷேகம், ஆசீர்வாதம், பந்தி, குடும்பப் படம். பொதுப் பொறுக்கில் நோட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வந்திருக்கிறார்களா என்று டிக் அடித்துச் சரிபாருங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த விசேஷம் வரை பேச்சு ஓடும். கண் மூடிய படம், முதுகு தெரிகிற படம், ஒரே போஸில் ஏழு படம் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள், ஆனால் பொறுக்கும்போதே அழிக்காதீர்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் அழித்துவிட்டு மறுநாள் என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

கொட்டான் ரெடி. அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

டிவி இருக்கிற வீடு என்றால் என் ஓட்டு பென் டிரைவுக்குத்தான். பழைய வழி என்று சிரிப்பீர்கள். பெரியவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது டிவிக்கு முன்னால், படமும் பெரிதாகத் தெரியும், கண்ணாடி தேட வேண்டாம், பாஸ்வேர்டு கிடையாது, பக்கத்து வீட்டு ஆச்சி வந்தாலும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் இதில் சில சூட்சுமம் இருக்கிறது. 32 ஜிபி பென் டிரைவே போதும். அந்த அளவு வரை விண்டோஸ் கம்ப்யூட்டரில் எஃப்ஏடி32 முறையில் சுலபமாக ஃபார்மட் செய்யலாம், பழைய டிவிகளும் அதைத் தகராறு இல்லாமல் படிக்கும். (500 ரூபாய்க்கு 2 டிபி என்று ஆன்லைனில் வருவதை வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன சிப். பெரிய அளவு என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடுவது எல்லாம் காற்றோடு போகும்.) எஃப்ஏடி32-இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, முழு நீள வீடியோவைப் போடும்போது மட்டும் இதை நினைவில் வையுங்கள்.

ஐபோன் படங்களைக் கவனியுங்கள். 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் சாதாரணமாக ஹெச்இஐசி என்ற வடிவில்தான் படத்தைச் சேமிக்கும். இடம் மிச்சமாகும், ஆனால் நிறைய டிவிகளுக்கு அது புரியாது, திரை கறுப்பாக நிற்கும். வீட்டில் யாராவது உடனே "பென் டிரைவ் கெட்டுப்போச்சு" என்று எடுத்து வைத்துவிடுவார். அவற்றை ஜேபெக் ஆக மாற்றித்தான் போட வேண்டும். இனிமேல் எடுக்கப்போகிற படத்துக்கு, பிள்ளைகள் போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தொட்டு வைத்தால் தலைவலி இல்லை. பெரும்பாலான டிவிகள் கோப்பின் பெயர் வரிசையில்தான் காட்டும், அதனால் 001, 002 என்று எண் போட்டு வையுங்கள். வெறும் 1, 2, 3 என்று போட்டால் 1-க்குப் பிறகு 10 வந்து, பந்தி முடிந்த பிறகு பூஜை நடக்கும். தமிழில் பெயர் வைத்தால் சில டிவியில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண்ணே நல்லது.

இன்னும் சுலபமாக வேண்டுமா? பொதுப் பொறுக்கின் 200 படத்தையும் படத்துக்கு ஆறு விநாடி வைத்து ஒரே வீடியோவாகக் கோத்துவிடுங்கள். சரியாக இருபது நிமிடம். ஓகே பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும், அம்புக்குறி தேட வேண்டாம். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூபில் ஏற்ற நேர்ந்தால் உரிமைப் பிரச்சினை வரும், தவிர அது எல்லாக் கல்யாண வீடியோவிலும் ஓடுகிற பாட்டு. உங்கள் வீட்டு விசேஷத்தில் வாசித்த நாதஸ்வரம் வீடியோவில் பதிவாகியிருக்குமே, அதையே வெட்டிப் போடுங்கள். நடு நடுவே வளவில் யாரோ "இலை போட்டாச்சா" என்று கத்துகிற குரல் வந்தால் அதையும் எடுத்துவிடாதீர்கள்.

சொருகியதும் சில டிவிகள் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்காகக் கேட்பது அது. வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள். நான் பென் டிரைவில் ஒரு சிவப்பு நாடா கட்டி, டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டுத்தான் வருவேன். பூஜை அறையிலோ பீரோவிலோ பத்திரமாக வைத்துவிட்டால், அப்புறம் அது பத்திரமாகவே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் யாராவது வந்துகொண்டேதானே இருக்கிறார்கள், அவர்கள் பையில் நான்கைந்து பென் டிரைவைப் போட்டு அனுப்பினால் வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். இந்த வேகத்துக்கு இணையமும் ஈடு கொடுக்காது.

வாட்ஸ்அப் மட்டும் பழகியவர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும், ஆனால் அளவாக. என் கதையைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்பு என் தங்கச்சி மகள் சடங்குப் படங்களை, ஆத்தா பார்க்கட்டும் என்று ஆர்வத்தில் ஒரே ராத்திரியில் 900 படம் அனுப்பிவிட்டேன். ஆத்தா போன் 16 ஜிபிதான், அதிலும் ஏற்கெனவே குட் மார்னிங் பூக்கள் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. காலையில் இடம் நிறைந்து போன் அசையவில்லை. கேஸ் சிலிண்டர் பதியக்கூட முடியவில்லை. ஆத்தா அதை மஞ்சள் பையில் போட்டுக் கடைக்கே நடந்து வந்து, கஸ்டமர் நாலு பேர் இருக்கும்போது மேசையில் வைத்து, "உன் படமெல்லாம் வந்திருச்சுப்பா, போன்தான் போயிருச்சு" என்றார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்.

அதன் பிறகு நான் செய்கிற முறை: பழைய குடும்ப குரூப்பில் போடுவதில்லை. அங்கே போட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் மூழ்கிவிடும். தனியாக ஒரு குரூப், அட்மின் மட்டும் அனுப்பும்படி வைத்து, தினம் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பத்துப் படம். கூடவே அரை நிமிடம் குரல் பதிவு: "இது ஆயுஷ்ய ஹோமம் நடக்கும்போது எடுத்தது, அந்தப் பச்சைச் சேலை யாருன்னு தெரியுதா?" அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் வருவதற்குள் ஐந்தாறு பேர் போன் செய்துவிடுவார்கள், அதில் மூன்று பேர் உங்கள் தகவலைத் திருத்துவார்கள். 200 படம் இருபது நாள் ஓடும்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனுப்பும்போது மேலே ஹெச்டி என்று ஒரு குறி வரும், அதைத் தொட்டால் கொஞ்சம் தேவலாம். அசல் அப்படியே போக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் ஆக இணைத்து அனுப்ப வேண்டும். போனில் பார்க்க இந்த வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போடும்போதுதான் தெரியும். 4x6 படத்துக்கு 1,800 பிக்சல் நீளம் இருந்தால் நன்றாக வரும். சாதாரணமாக அனுப்பியது அதற்கே ஒட்டியும் ஒட்டாமலும்தான் இருக்கும், பெரிதாக்கினால் முகம் மெழுகு பூசியது போலாகிவிடும். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: என் கடைக்கு வருகிற அவசர வேலைகளில் பாதி, வீட்டுப் பெரியவர் தவறிய அன்று மாலை போட்டு வைக்கப் படம் கேட்டு வருவது. வாட்ஸ்அப்பில் வந்து, மூன்று குரூப் மாறி, தேய்ந்துபோன ஒரு படத்தை நீட்டி, "இதைப் பெரிசாக்கிக் கொடுங்க" என்பார்கள். அசல் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் முந்தின வருடம்தான் ஆயிரக்கணக்கில் செலவு செய்து விசேஷம் எடுத்திருப்பார்கள். அசலைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

தேவகோட்டை அயித்தைக்கு பிரிண்ட்தான். நாற்பது படம், 4x6, மேக்ஸி சைஸ் என்று கேட்டால் எந்த ஸ்டுடியோவிலும் போட்டுக் கொடுப்பார்கள். கரிஷ்மா ஆல்பம் (கனமான பெரிய ஆல்பம்) ஒன்று கூடுதலாகப் போட்டுக் கொடுக்கலாமே என்று போட்டோக்காரர் சொல்வார், வேண்டாம். அதைத் தூக்கி மடியில் வைக்க 76 வயதில் தெம்பு வேண்டும். நெகிழித் தாளுக்குள் செருகுகிற சின்ன ஆல்பம் போதும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அயித்தைக்கு எல்லோரையும் தெரியும், ஆல்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

இளவட்டங்களுக்கு நீங்கள் அனுப்பிய லிங்கே சரி, அதில் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒன்று. அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும், லாகின் தேவையில்லை. நீங்கள் ஏற்றியதில், வைரத் தோடும் கழுத்துருவும் (எங்கள் பக்கத்துத் தாலி) நெருக்கத்தில் எடுத்த படங்கள் இருக்குமே? வெள்ளிச் சாமான் பரப்பி வைத்தது, பெட்டக அறைக் கதவு திறந்திருப்பது? நம் பக்கத்து வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன, காவலுக்கு ஒரு வயதானவர் படுத்திருப்பார். அந்த வீட்டில் எந்த அறை எங்கே, எந்தக் கதவில் எந்தப் பூட்டு என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது போல அந்த ஆல்பம் இருக்கிறது. போனில் எடுத்த படமானால் எடுத்த இடமும் உள்ளே பதிவாகியிருக்கும். இன்று இரவே உட்கார்ந்து அந்தப் படங்களைப் பொது ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஆல்பத்தின் அமைப்பில் இருப்பிடத்தைப் பகிர்வதையும் அணைத்துவிடுங்கள். இந்தப் பதிலில் அவசரமான வேலை இது ஒன்றுதான்.

இனி அந்த ரங்கூன் படங்கள் 300. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. சதாபிஷேகப் படத்தைப் பெரியவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள். இந்த 300-ஐ விடாமல் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், இவற்றில் இருப்பது யார் என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள் லிங்க் அனுப்பியும் திறக்காத அதே ஆட்கள்தான். உங்களிடமிருந்து அவர்களுக்குப் போக வேண்டியதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவர்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியதும் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பாகம் பிரிந்த வீடு, இடித்த வீடு, எல்லாவற்றிலிருந்தும் தூண், கதவு, எனாமல் பாத்திரத்தோடு சட்டம் போட்ட போட்டோக்களும் அங்கே வந்து சேரும். தலைப்பாகையும் கோட்டுமாக ஒருவர், பக்கத்தில் நாற்காலியில் கால் எட்டாத ஒரு பையன். யார் என்று கடைக்காரருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சட்டம் தேக்கு என்பதால் விலை போகிறது. ஒரு தலைமுறை முன்னால் யாராவது பின்பக்கம் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தப் படத்தை அந்த வீட்டார் விற்றிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எனவே அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்த 300-ஐயும் பெரிய டிவியில் போட்டு, அப்பச்சியையும் அயித்தையையும் அம்மானையும் ஒன்றாக உட்கார வையுங்கள். மூன்று பேரும் சேர்ந்து இருப்பது முக்கியம். தனித்தனியாகக் கேட்டால் தெரியாது என்று முடித்துவிடுவார்கள், சேர்ந்தால் சண்டை போட்டுக்கொண்டு ஞாபகம் வரும். உங்கள் போனில் குரல் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படம் வரும்போதும் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதுதான் பின்னால் கேட்கும்போது எது எந்தப் படம் என்று தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது படத்துக்கு மேல் போகாதீர்கள்.

பெயர் மட்டும் குறித்தால் போதாது. நம் வழக்கத்தில் பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர்தான். ஒரே வீட்டில் ஒன்று விட்டு ஒரு தலைமுறைக்கு அதே சிதம்பரம், அதே வள்ளியப்பன் வந்துகொண்டே இருப்பார்கள். "சிதம்பரம்" என்று எழுதி வைத்தால் உங்கள் மகள் காலத்தில் எந்தச் சிதம்பரம் என்று தெரியாது. வீட்டு விலாசம், ஊர், யாருக்கு என்ன முறை, எந்த ஊருக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போயிருந்தவர் என்று சேர்த்து எழுதுங்கள். அட்டையின் கீழ் ஓரத்தில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருந்தால் அதுவும் சாட்சி. ரங்கூன் முத்திரை இருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் 1942-இல் ஜப்பான் படை வருமுன் கிளம்பி வந்துவிட்டதால், படம் அதற்கு முந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இந்தக் குறிப்பைப் படத்துக்குள்ளேயே விவரமாகப் பதிய வழி இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். அதனால் படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று சேர்த்து அதில் எழுதிய பிரதி ஒன்றும், எழுதாத சுத்தமான அசல் ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு விடுவது முதலாவதை. கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படம் ஏதாவது இருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். அசல் படத்தின் பின்புறம் எழுதுவதானால் மெத்தென்ற பென்சில், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறி வரும்.

கோட்டையூர் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. அங்கே ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்து வைத்த பழைய புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் சுமார் ஒரு லட்சம், அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. ஊரில் எடைக்குப் போட்ட காகிதத்தை அவர் தேடித் தேடி வாங்கினார். உங்கள் 300 படத்தை யாரும் தேடி வந்து வாங்க மாட்டார்கள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலேயே மெயிலும் டிரைவும் அடக்கம். 2021 ஜூன் 1-க்கு முன்பு இருந்த அளவில்லா இலவசம் இப்போது இல்லை. நீங்கள் பணம் கட்டித்தான் வைத்திருப்பீர்கள். கட்டுவதை நிறுத்தி, அளவு மீறிய நிலையில் இரண்டு வருடம் போனால் அழிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. பகிர்ந்த ஆல்பத்தில் நீங்கள் போட்ட படத்தை நீங்கள் அழித்தால், தனியாகச் சேமித்துக்கொள்ளாதவர்கள் எல்லோருக்கும் அது மறைந்துவிடும். அந்தக் கணக்கு உங்கள் ஆபீஸ் மெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், வேலை மாறும் அன்று குடும்பமே வெளியே நிற்க வேண்டாம். இணையத்தில் ஒன்று, சிங்கப்பூரில் உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஊரில் பொறுப்பான தம்பி ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றிலும் முழு 6,300. பென் டிரைவை அசல் வைக்கிற இடமாக நினைக்காதீர்கள். மின்சாரமே தொடாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது தேய்ந்துபோகக்கூடும். ஹார்ட் டிஸ்கையும் வருடத்துக்கு ஒரு தடவை, பிள்ளையார் நோன்பு அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், சொருகித் திறந்து பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து போனில் "மேலே மூணு புள்ளி தெரியுதா அயித்தை" என்று சொல்லிக் கொடுக்க முயல வேண்டாம், இரண்டு பக்கமும் கோபம்தான் மிஞ்சும். தூரத்திலிருந்தே அவர்கள் திரையை இயக்குகிற ஆப்களையும் போட்டுக் கொடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் முதலில் போடச் சொல்வதும் அதைத்தான். தெருவில் கல்லூரியில் படிக்கிற பையனோ பெண்ணோ இருப்பார்கள், ஒரு சாயங்காலம் வந்து டிவியில் சொருகிக் காட்டச் சொல்லி, சும்மா வாங்காமல் கையில் இருநூறு ரூபாய் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், தேவகோட்டையில் தொடங்குங்கள். நாற்பது படத்தையும் பொறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அண்ணனும் தங்கச்சியும் பக்கத்தில் நிற்கிற ஒரே ஒரு படத்தை 8x10 அளவில் பிரிண்ட் போடச் சொல்லி, உள்ளூரிலிருந்தே கூரியரில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். கவரின் மேல் அயித்தை பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள், அயித்தை வீட்டுக்காரர் பெயரோ "குடும்பத்தார்" என்றோ வேண்டாம். வந்து சேர்ந்ததும் ஆத்தாவுக்கு போன் வரும். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.